பந்தியில் பரிமாறுவது யார்?

தென் ஜொகூரின் கெலாங் பாத்தாவுக்கு ஆட்களைக் கூட்டி வந்தது எப்போதும் வேலைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொகூரின் ஆற்றங்கரைக் காடுகளை வெட்டி மிளகும் காம்பிரும் பயிரிடச் சீனர்கள் வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் ரப்பர் வந்தது. பால்மரம் சீவ நம் ஆட்கள் வந்தார்கள். 1998-இல் இந்தப் பக்கத்திலிருந்து சிங்கப்பூரின் துவாஸுக்கு இரண்டாவது பாலம் திறந்தது. அடுத்த ஆண்டே தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2000-இல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் தன் கொள்கலன் வேலையைச் சிங்கப்பூரிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டதும் துறைமுகம் சூடுபிடித்தது. பிறகு எடுசிட்டி கல்வி நகரம், 2012-இல் லெகோலேண்ட், நடுநடுவே வரிசை வரிசையாகத் தாமான்கள் எனும் குடியிருப்புகள். 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள்ளும் இந்த வட்டாரம் வருகிறது. இத்தனை பேருக்கும் முன்னால், சதுப்புக் கழிமுகங்களில் படகையே வீடாக்கி வாழ்ந்த ஓராங் செலேத்தார் மக்கள் இங்கே இருந்தார்கள்; சிம்பாங் ஆராங் கிராமத்தில் இன்றும் இருக்கிறார்கள்.

வேலைக்கு வந்தவர்கள் தங்கள் சாமியையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஆகவே இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களை ஓரிடத்தில் உட்கார வைத்தால் தென் ஜொகூரின் இடப்பெயர்வு வரலாறே பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்திருக்கும். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு தாமானுக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பம், தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தும் தியோச்சியூ வீடு, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து துவாஸ் தொழிற்சாலைக்குப் போகும் ஈபான் இளைஞர், சபாவிலிருந்து வந்த கடசான் தம்பதி, பிலிப்பினோ பெண்கள், புளோரஸ் தீவின் இந்தோனேசியர், மியன்மாரின் சின் மலைகளிலிருந்து உயிர்தப்பி வந்தவர், செலேத்தார்களில் ஒரு பகுதியினர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சபா, சரவாக்கில் இருப்பவர்கள். தீபகற்பத்தில் தேவாலயம் என்றால் தமிழரும் சீனரும் யுரேசியரும் என்றிருந்த காலம் போய்விட்டது. கடல் தாண்டி வந்த சபா, சரவாக் பிள்ளைகளும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இல்லாமல் தென் ஜொகூரில் பல கோயில்களின் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்க்க முடியாது.

இவர்கள் ஒன்றாகப் பாடுகிறார்களா என்பதைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. பாடுகிறார்கள், அழகாகவே பாடுகிறார்கள். பல இனத் திருச்சபை உண்மையானதா என்று அறிய நான் பார்க்கும் இடம் வேறு. பாட்டு முடிந்த பிறகு சமையற்கட்டில் யார் நிற்கிறார்கள், சாவு வீட்டுக்கு யார் வருகிறார்கள், நிர்வாகக் கூட்டத்தில் யார் பேசுகிறார்கள்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

நான்கு மொழி, ஒரு கடிகாரம்

கத்தோலிக்கர்கள் இந்தச் சிக்கலைக் கடிகாரத்தை வைத்துத் தீர்த்தார்கள். பங்கு என்பது எல்லைக்கோடு. அந்த எல்லைக்குள் இருப்பவர் எந்த மொழிக்காரரானாலும் அந்தக் கோயிலைச் சேர்ந்தவர். உள்ளே போனால் ஆங்கிலப் பூசை ஒரு நேரம், மாண்டரின் ஒரு நேரம், தமிழ் ஒரு நேரம், பஹாசா எனப்படும் மலாய் ஒரு நேரம். மெத்தடிஸ்ட் திருச்சபை வேறு வழியில் போனது. அங்கே ஆண்டு மாநாடுகளே மொழிவாரியாக அமைந்தவை: தமிழுக்கு ஒன்று, சீனத்துக்கு, ஆங்கிலத்துக்கு, சரவாக்கின் ஈபான் மக்களுக்கு என்று தனித்தனி. தரங்கம்பாடி மரபில் வந்த லுத்தரன் சபை தமிழர்களை நம்பியே இந்த மண்ணில் வேரூன்றியது. புதிய சுயாதீன சபைகள் கடைவீட்டு மாடிகளில் நாற்காலி போட்டு, ஒரே ஆராதனையில் இரண்டு மூன்று மொழிகளையும் ஏற்றிவிடுகின்றன.

கடைசியாகச் சொன்ன ஏற்பாட்டைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மேடையில் இரண்டு ஒலிவாங்கிகள். போதகர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துகிறார். பக்கத்தில் நிற்கும் பெண் அதைத் தமிழில் சொல்கிறார். அவர் வாய் மூடுமுன் போதகர் அடுத்ததைத் தொடங்கிவிடுவார். போதகர் குரலை உயர்த்தினால் இவரும் உயர்த்த வேண்டும். அவர் கையை ஓங்கினால் இவர் கையும் ஓங்கும். சிரிப்பு இரண்டு தவணையாக வரும்: முதலில் இடப்பக்கம், சற்றுப் பொறுத்து வலப்பக்கம். இருபது நிமிடப் பிரசங்கம் நாற்பது நிமிடம் ஓடும். வாரம் முழுக்க அலுவலகத்தில் கணக்கெழுதும் ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்பளமில்லாமல் செய்கிற வேலை இது. சபையின் ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பிரசங்கக் குறிப்பை முதல்நாளே அவர்கள் கையில் கொடுத்துவிடுகிற போதகர் இன்னும் நல்லவர்.

எல்லா மொழியையும் ஒரே பூசையில் கலந்து, ஒரு வாசகம் மாண்டரினில், ஒரு மன்றாட்டு தமிழில், ஒரு பாட்டு மலாயில் என்று வைக்கிற வழக்கமும் உண்டு. பெரிய திருநாளுக்கு அது பொருத்தம். பினாங்குப் பக்கம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருத்தலத்தில் ஜூலை 26 திருவிழாவை ஒட்டிய நாள்களில் நான்கு மொழிகளிலும் வழிபாடு நடக்கிறது. 1846-இல் தொடங்கி, 2019-இல் சிறு பேராலயமாக உயர்த்தப்பட்ட அந்தக் கோயிலில், இனம் பார்க்காமல், மதம்கூடப் பார்க்காமல் லட்சக்கணக்கில் மக்கள் மெழுகுவத்தி ஏந்தி நடக்கிறார்கள். ஆனால் வாராவாரம் இந்தக் கலவை நல்லதல்ல என்பது என் உறுதியான கருத்து. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும். யாருக்கும் வயிறு நிறையாது. புருஷனைப் பறிகொடுத்தவள் அழுகிற மொழியில்தான் ஜெபிப்பாள். அந்த மொழிக்கு ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குவதைப் பிரிவினை என்று சொல்லக் கூடாது.

இது புதிய வழக்கும் அல்ல. சிங்கப்பூரில் 1870-இல் எழுந்த புனித பேதுரு பவுல் ஆலயத்தில் சீனரும் தமிழரும் ஒரே கூரையின் கீழ் வழிபட்டார்கள். பிரெஞ்சுக் குருவான பியேர் பாரிஸ் இரு தரப்புக்கும் அவரவர் மொழியில் பிரசங்கம் செய்தார். தமிழர்களுக்கென்று லூர்து மாதா கோயில் 1888-இல் எழுந்தது. அங்கே வளர்ந்த தமிழ்ப் பாட்டும் தமிழ்ப் படிப்பும் சேர்ந்திருந்தால் வளர்ந்திருக்குமா என்பது சந்தேகமே.

இப்போது அந்தத் தமிழுக்கு வந்திருக்கிற சோதனை வேறு. தேசியப் பள்ளியிலோ சீனப் பள்ளியிலோ படித்த நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் பல சபைகளில் திரையில் ஓடுகிற தமிழ்ப் பாட்டு ஆங்கில எழுத்தில் ஓடுகிறது. தமிழில் அச்சான முதல் நூல் 1554-இல் லிஸ்பனில் வெளிவந்த கிறிஸ்தவ மறைக்கல்விச் சிறுநூல். அதிலும் தமிழ் ரோமன் எழுத்தில்தான் இருந்தது. போர்ச்சுகீசியர் படிப்பதற்காக முத்துக்குளித்துறைத் தமிழர் மூவர் ஆக்கித் தந்தது அது. 24 ஆண்டுக்குள், 1578-இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சேறியது. அன்னியருக்காகச் செய்த ஏற்பாட்டிலிருந்து அன்று 24 ஆண்டில் மீண்டோம். இன்று நம் சொந்தப் பிள்ளைகளுக்காக அதே ஏற்பாட்டுக்குள் போகிறோம். ஞாயிறு பள்ளியில் அரை மணி நேரம் அ, ஆ சொல்லிக்கொடுத்தால் ஓராண்டில் தீர்கிற பிரச்சினை இது. அதற்குப் பாதிரியார் அனுமதிகூடத் தேவையில்லை.

ஒரே தூதர் தீர்த்த இரண்டு வழக்குகள்

தமிழரும் சீனரும் ஒரே பெஞ்சில் உட்காருவதற்கு முன்பே ஒரே குற்றவாளிக் கூண்டில் நின்றிருக்கிறார்கள். இந்தக் கதை நம் மக்களுக்கு அதிகம் தெரியாது.

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, பூணூல், சந்தனம், குடுமி முதலியவை சமூக வழக்கங்களே, மதச் சின்னங்கள் அல்ல என்று வாதாடினார். 1623-இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். சீனாவில் இயேசு சபையினர் அதேபோல, இறந்த முன்னோருக்கு வணக்கம் செய்வது சிலை வழிபாடு அல்ல என்றார்கள். ஏறத்தாழ எண்பது ஆண்டு கழித்துக் காற்று மாறியது. மெயார் தெ தூர்னோன் என்ற பாப்பரசரின் தூதர் 1703 நவம்பரில் புதுச்சேரியில் வந்து இறங்கினார். பெரும்பாலும் நோயில் படுத்திருந்தவர், தமிழ் தெரியாதவர், சில மாதங்களில், 1704-இல், தமிழ்க் கிறிஸ்தவர்களின் பல வழக்கங்களைத் தடை செய்து ஆணை போட்டார். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது, நெற்றியில் சாம்பல் கூடாது என்று பட்டியல் நீண்டது. அப்படியே கப்பலேறிச் சீனா போனார். 1707-இல் நான்ஜிங்கில் முன்னோர் வழிபாட்டுக்கு எதிராக ஆணை போட்டார். 1710-இல் மக்காவ்வில் காவலில் இருந்தபடியே இறந்தார். அவர் தொடங்கியதை 1742-இல் சீனத்துக்கும் 1744-இல் தமிழுக்கும் பதினான்காம் பெனடிக்ட் முத்திரையிட்டு முடித்தார். சீனர்களுக்கான தடை 1939-இல்தான் தளர்ந்தது. தமிழ்நாட்டு மறைபரப்பாளர்கள் மலபார் சடங்குகள் எனப்பட்ட இந்த வழக்கங்களுக்கு எதிராக எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழி 1940-இல் நீங்கியது.

தூர்னோன் செய்ததில் ஒன்றை மட்டும் நான் பாராட்டியே தீர வேண்டும். தீண்டாமைக்கு ஆளான சாதிக் கிறிஸ்தவர் நோயில் கிடந்தால், குருக்கள் அவர் வீட்டுக்குள் போய்த் திருவருட்சாதனம் கொடுக்க மறுக்கக் கூடாது என்று அதே ஆணையில் கட்டளையிட்டிருந்தார். பண்பாடு என்ற பெயரில் நாம் காப்பாற்றி வைத்திருந்தவற்றில் காப்பாற்றத் தகாததும் இருந்தது. அதை ஓர் அன்னியர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

இன்று ஜொகூரிலும் தீபகற்பத்தின் மற்ற மாநிலங்களிலும் பொங்கல் பூசை நடக்கிறது. கோயில் முற்றத்தில் பானை பொங்குகிறது. சீனப் புத்தாண்டுப் பூசை முடிவில் ஆரஞ்சுப் பழம் மந்திரித்து எல்லோர் கையிலும் தருகிறார்கள். தமிழ்ப் பாட்டிகளும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். மே மாத இறுதியில் சபா மக்களின் காமாத்தான், ஜூன் முதல் நாள் சரவாக்கின் கவாய், டிசம்பர் 16-இலிருந்து ஒன்பது நாள் பிலிப்பினோக்களின் சிம்பாங் காபி. தடைசெய்தவர்களின் பெயர் மறைந்து, தடைசெய்யப்பட்டவை பீடத்துக்கு முன் நிற்கின்றன. தமிழகத்திலிருந்தும் இதற்கு ஒரு கை சேர்ந்தது. கள்ளேரியில் பிறந்த அமலோர்பவதாஸ் அடிகளார் பெங்களூரில் 1967-இல் தொடங்கிய தேசிய மையத்தின் உழைப்பால், 1969-இல் இந்திய வழிபாட்டுக்குப் பன்னிரண்டு பண்பாட்டு அம்சங்களுக்கு ரோம் ஒப்புதல் தந்தது. ஆரத்தி, குத்துவிளக்கு, கைகூப்பி வணங்குதல் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

குவாலியும் அண்டாவும்

ஆராதனை முடிந்து சாப்பாடு. இங்கே இறையியல் கொஞ்சம் காரமாகவே இருக்கும்.

தமிழ்க் கிறிஸ்தவர் வீடுகளில் பலர் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. வேதம் தடுக்கவில்லை, பாட்டி காலத்துப் பழக்கம், சொந்தபந்தத்தில் பாதிப்பேர் இந்துக்கள். சீனர் விருந்தும் ஈபான் விருந்தும் பன்றி இறைச்சி இல்லாமல் விருந்தாகாது. வெள்ளிக்கிழமை சைவம் என்று பழகியவர்கள் உண்டு. தவக்காலத்தில் நாற்பது நாளும் மச்சம் தொடாத தமிழ்ப் பெண்கள் உண்டு. அது ஏன் என்று சீன ஆண்ட்டிக்குப் புரியவைப்பது பெரும்பாடு. கடைசியில் எல்லோரும் வந்து நிற்கிற இடம் கோழிக் கறியும் மீஹூன் கோரெங்கும்தான். அண்டாவில் கறி கொதிக்கும் பக்கம் தமிழ்ப் பெண்கள், பெரிய குவாலியில் மீஹூனைப் புரட்டும் பக்கம் சீன அங்கிள், வெங்காயம் உரிக்கிற பாயில் சரவாக் பிள்ளைகள். கூடி உழைப்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான கோத்தோங் ரோயோங் இந்த நாட்டில் எல்லா மொழிக்கும் சொந்தமாகிவிட்டது. அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

ஆனால் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். பாத்திரம் கழுவுகிற இடத்தில் எப்போதும் ஒரே கூட்டத்தார் நின்றால், நாற்காலி அடுக்குவது எப்போதும் வெளிநாட்டுத் தொழிலாளிகளே என்றால், அந்தச் சபையில் இன்னும் விருந்தாளியும் வேலையாளும்தான் இருக்கிறார்கள், அங்கத்தினர் இல்லை.

சாவு வீடு இதைவிட உண்மையானது. சீனர் துக்கத்தில் மூன்று இரவு, ஐந்து இரவு என்று உடல் காத்திருக்கும். கிறிஸ்தவக் குடும்பமானால் ஒவ்வோர் இரவும் ஜெபம். வெள்ளைக் கவரில் பெக் கிம் பணம் வைக்க வேண்டும். போகும்போது சிவப்பு நூல் ஒன்று கையில் தருவார்கள். நம் வீட்டுத் துக்கம் பெரும்பாலும் மறுநாளே முடிந்துவிடும். மாலை, ஒப்பாரி, கல்லறையில் கைப்பிடி மண். வீடு திரும்பியதும் நாம் தலைமுழுகுகிறோம். சீனர்கள் பம்பளிமாஸ் இலையோ பூவோ போட்ட நீரில் முகம் கை கழுவுகிறார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பயத்திலும் துக்கத்திலும் இவ்வளவு நெருங்கியிருப்பதை ஒரு சாவுதான் காட்டிக்கொடுக்கிறது. தமிழ்ப் பூசைக்கு மட்டும் வருகிற ஒரு தாத்தா இறந்தால், மாண்டரின் பூசைக்காரர்களில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கைதான் அந்தப் பங்கின் ஒற்றுமை.

அதை வளர்க்கத்தான் அன்பியங்கள். 1976-இல் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் பினாங்கில் ஒரு மாதம் கூடியிருந்து யோசித்தார்கள். வெளிநாட்டுக் குருக்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டு வந்த காலம். மக்கள் குழுக்கள்தான் இனி திருச்சபையைத் தாங்கும் என்று முடிவெடுத்தார்கள். தாமான்வாரியாகப் பத்து, பதினைந்து வீடுகள் சேர்ந்து முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் ஜெபிக்கும். அங்கே மொழிவாரியாகப் பிரிய முடியாது, தெரு ஒன்றுதான். செபமாலையில் ஒருவர் முதல் பாதியைத் தமிழில் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியை மாண்டரினிலும் ஆங்கிலத்திலும் மலாயிலும் ஒரே நேரத்தில் சொல்வார்கள். வார்த்தை புரியாவிட்டாலும் எங்கே முடியும், எங்கே தொடங்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எந்தப் பேராலயத்திலும் கேட்க முடியாத ஒலி அது.

பஹாசாவுக்கு உரிய இடம்

நம்மவர்களில் சிலருக்கு மலாயில் பூசை என்றால் இன்னமும் ஒரு விலகல் உண்டு. அரசாங்க மொழி, பள்ளிக்கூட மொழி, அதில் எப்படிச் சாமி கும்பிடுவது என்று கேட்பார்கள். சபா, சரவாக் பூர்வகுடிகள் பலருக்கும் இந்தோனேசியருக்கும் அதுதான் ஜெபமொழி. மத்தேயு நற்செய்தி மலாயில் அச்சானது 1629-இல். தமிழில் சீகன்பால்கின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாவதற்கு எண்பது ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது. அதற்கும் முன்னால், முத்துக்குளித்துறையில் தமிழில் ஜெபம் கற்றுச் சொல்லிக்கொடுத்த பிரான்சிஸ் சவேரியார் 1545-இல் மலாக்காவுக்கு வந்து, அங்கே ஜெபங்களை மலாய்க்கு மாற்ற வழிசெய்தார். 1547-இல் அஞ்சிரோ என்ற ஜப்பானியர் அவரைத் தேடி வந்ததும் அதே மலாக்காவுக்குத்தான். 1558-இல் மறைமாவட்டமான மலாக்காவின் வாரிசுதான், 1972-இல் உருவான இன்றைய மலாக்கா–ஜொகூர் மறைமாவட்டம். தென் ஜொகூரின் பலமொழித் திருச்சபை நேற்று முளைத்ததல்ல.

இந்த மொழிக்காக மலாயில் ஜெபிக்கும் கிறிஸ்தவர்கள் நீதிமன்றப் படியும் ஏறினார்கள். ஆங்கிலம், சீனம், தமிழ், மலாய் என்று நான்கு மொழியில் வெளிவந்த கத்தோலிக்க வார ஏடு 'ஹெரால்டு'. அதன் மலாய்ப் பக்கங்களில் 'அல்லாஹ்' என்ற சொல்லைப் பயன்படுத்தலாமா என்ற வழக்கில் 2009-இல் உயர்நீதிமன்றம் ஏட்டின் பக்கம் நின்றது. 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் மேலும் வழக்காட அனுமதி தரவில்லை. சரவாக்கின் ஜில் அயர்லாந்து என்ற மெலனாவ் பெண்மணியிடம் 2008-இல் விமான நிலையத்தில் பறிமுதலான ஜெபக் குறுந்தட்டுகள் தொடர்பான வழக்கில் 2021 மார்ச்சில் அவர் வென்றார். 2023-இல் அரசு மேல்முறையீட்டைக் கைவிட்டது. முஸ்லிம்களிடையே பிற மதம் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அரசமைப்பின் 11(4) பிரிவு அதிகாரம் தருகிறது. அந்த எல்லை இங்குள்ள ஒவ்வொரு சபைக்கும் தெரியும், மதித்தே நடக்கிறார்கள். தங்கள் தாயும் தகப்பனும் ஜெபித்த சொல்லில் ஜெபிக்க இவ்வளவு தூரம் போன மக்கள் நம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். மலாய்ப் பூசைக்கு உதவாத நேரத்தை ஒதுக்கி, பாடகர் குழுவுக்குப் பழைய கீபோர்டைக் கொடுத்துவிட்டு நாமெல்லாம் ஒன்று என்று சொல்வது நியாயமா?

எருசலேமில் எழுந்த முறையீடு

திருச்சபையின் முதல் மொழிச் சண்டை சாப்பாட்டில் வந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேம் சபையில் எபிரெயம் பேசுகிறவர்களும் கிரேக்கம் பேசுகிறவர்களும் இருந்தார்கள். அன்றாடம் உணவு பங்கிடும்போது தங்கள் விதவைகளைக் கவனிப்பதில்லை என்று கிரேக்கம் பேசியவர்கள் முறையிட்டார்கள். அப்போஸ்தலர்கள் ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்து சமாளிக்கவில்லை. முறையிட்டவர்கள் நன்றிகெட்டவர்கள் என்றும் சொல்லவில்லை. பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு: ஏழும் கிரேக்கப் பெயர்கள். பந்தியில் விடுபட்டவர்களின் ஆட்கள் கையிலேயே பந்தியின் பொறுப்பு போனது.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்த நிர்வாக முடிவைவிடத் தெளிவான வழிகாட்டி பல இனத் திருச்சபைக்கு இல்லை. நம் பங்குப் பேரவைகளையும் சபை நிர்வாகக் குழுக்களையும் இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். தமிழருக்கு இத்தனை, சீனருக்கு இத்தனை, ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு இத்தனை என்று இடம் பிரிப்பது பழக்கமாகிவிட்டது. மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பிலிப்பினோ பெண்ணுக்கு இடம் உண்டா? தேர்தலுக்குப் போட்டோவோடு பெயர் ஒட்டும்போது புளோரஸ்காரர் பெயர் அதில் உண்டா? அவர்களுக்குத் தேவையானவற்றைக் கேட்டால்தான் தெரியும். ஞாயிறு ஓவர்டைம் வேலை, அதனால் மாலையில் பூசை. விடுதியிலிருந்து வர வேன். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற கேள்வி. 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அது குற்றம் என்பதே பலருக்குத் தெரியாது. மியன்மார் அகதிகளுக்கு இன்னும் கஷ்டம்; 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை, ஆகவே வேலை செய்யும் உரிமையே சட்டத்தில் இல்லை. ஒரு சபை இவர்களுக்குத் தீர்த்துவைக்க முடியாதது பல. மருத்துவமனைக்குக் கூடப் போய் மொழிபெயர்ப்பது, யாரிடம் புகார் கொடுப்பது என்று சொல்வது, பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தருவது: இவை முடியும்.

இதைத் தமிழர்கள் மற்றவர்களைவிட முன்னால் நின்று செய்ய வேண்டும் என்பேன். நமக்கு இரண்டு கடன்கள் இருக்கின்றன. ஒன்று, ஒப்பந்தக் கூலிகளாக லயத்தில் கிடந்த நம் தாத்தாக்களைத் தேடித் தோட்டத்துக்கு வந்தவர்கள் இருந்தார்கள். அந்தத் தேடலில் தோட்டக் கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் பிறந்தன. இன்னொன்று வெட்கத்தோடு சொல்ல வேண்டியது. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கோயிலில் மேல்சாதியார் ஒரு பக்கமும் மற்றவர் மறுபக்கமும் உட்கார நடுவே சுவர் வைத்திருந்தார்கள். கௌசானல் அடிகளார் 1910-இல் அதை இடித்தார். சுவர் வேண்டும் என்று மேல்சாதியார் நீதிமன்றம் போனார்கள்; சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஒரே மொழி, ஒரே ஊர், ஒரே வேதம், அதற்கு நடுவே சுவர். பல இனங்கள் கூடி வாழ்வதில் சீனரும் ஈபானும் நமக்குத் தடையல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பெண் பார்க்கும்போது மட்டும் நினைவுக்கு வருகிற அந்தப் பழைய சாதிக் கேள்வியை மலேசியத் தமிழ்க் கிறிஸ்தவர் வீடுகளும் இனியாவது விட வேண்டும். சீன மருமகளைக் கைநீட்டி வரவேற்கிற வீடு, இன்னொரு சாதித் தமிழ்ப் பெண்ணுக்குத் தயங்கினால் அது என்ன நியாயம்?

கெலாங் பாத்தாவுக்கு இனியும் ஆட்கள் வருவார்கள். பொருளாதார மண்டலம் வந்துவிட்டது, துறைமுகம் விரிந்துகொண்டே போகிறது. அடுத்து வருகிறவர் எந்த நாட்டுக்காரர், எந்த மொழிக்காரர் என்று தெரியாது. ஆகவே இந்த இதழை வாசிக்கிற பங்கு மக்களுக்கும் சபை மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கோயிலில் அடுத்த நிர்வாகக் குழுவுக்குப் பெயர் கேட்கும்போது, வேலைக்கு வந்த ஒரு வெளிநாட்டுத் தொழிலாளியின் பெயரை நீங்களே முன்மொழியுங்கள். கூட்டத்தை அவருடைய ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு வையுங்கள். அவர் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்க ஓர் ஆளையும் போடுங்கள்.